டிஷ்பேன் ஏரியின் குப்பை மீன்

ஹால்வர் ஃபால்ஸ், மின்னசோட்டா
மார்ச் 14, 1977

தம்பி ஹாய்ட்டுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உன் சுகமும் அம்மாவின் முழங்கால் சுகமும் தெரிய எழுது.

அங்கே ஆற்றோரமெல்லாம் இந்நேரம் பூத்திருக்கும். இங்கே இன்னும் ஏரிமேல் லாரி ஓட்டுகிறார்கள். பனி அவ்வளவு கெட்டி.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் நான் மறுபடி பாஸ் மீன் பிடிக்கப்போகிறேன். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் தூண்டில் போடவில்லை என்றால் நீ நம்பமாட்டாய். இந்த ஊர்க்காரர்களுக்கு வால்ஐ ஒன்றுதான் மீன். ஆண்கள் படகில் போய் வால்ஐ பிடிப்பார்கள், பெண்கள் கரையில் நின்று காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். அவருக்கும் அதுதான் பழக்கம்.

நேற்று இரைக்கடைக்குப் போய், பாஸ் எந்த ஏரியில் கிடைக்கும், எப்போது பிடிக்கலாம் என்று கேட்டேன். கடைக்காரர் டோர்வால்ட் சேத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாஸா? எதுக்கும்மா அது, பூனைக்கா?”

அடுப்பைச் சுற்றிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“மே மாசம் கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் பாஸைத் தொடக்கூடாது, சட்டம். அதுக்கப்புறமும் யாரும் தொடமாட்டாங்க, அது வேற விஷயம்” என்றார்.

நம் ஊரில் மீனுக்கு ஏது பூட்டும் சாவியும்? கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பிடித்திருக்கிறோமே. இந்த மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஏரி. எதில் பாஸ் இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது, சொல். ஒரே நிபந்தனை: நடந்து போகிற தூரத்தில் இருக்கவேண்டும். கொஞ்ச நாளாகக் கார் கையில் இல்லை.

அம்மாவுக்கு முத்தம்.
அக்கா நெல்டா


கன்டர்ஸ்வில், அலபாமா
மார்ச் 23

அன்பான அக்காவுக்கு ஹாய்ட் எழுதுவது.

நாங்கள் சௌக்கியம். மழை வருவதை வானொலிக்கு முன்னாலேயே அம்மாவின் முழங்கால் சொல்லிவிடுகிறது. உன் கடிதத்தைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். ‘பூனைக்கா’ என்ற இடத்தில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்த ஆளை இங்க அனுப்பச் சொல்லுடா. சோள மாவுல புரட்டிப் பொரிச்சுப் போடறேன். தட்டையும் சேர்த்துத் தின்னுட்டுப் போவான்” என்றாள்.

நேற்று நான் பிடித்தது ஆறு பவுண்டுக்கு ஒரு துளி குறைவு. உன் வயிறு எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏரிக்கு வருவோம். பாஸ் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்காதே. எந்த ஏரி கெட்டுப்போய்விட்டது என்று கேள். வால்ஐக்காரர்கள் எதைத் திட்டுகிறார்களோ அங்கே போ. ஆழமில்லாமல், அல்லி படர்ந்து, விழுந்த மரங்களோடு, பார்க்கவே கண்றாவியாக இருக்கவேண்டும். அதுதான் நம்மாள் வீடு.

காருக்கு என்ன? மச்சானே மெக்கானிக் ஆயிற்றே. என்ன சத்தம் வருகிறது என்று எழுது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓட்டி எனக்குத் தெரியாத சத்தம் கிடையாது. மச்சானுக்கு என் விசாரிப்பு. உன் கடிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு வரி கிறுக்குவாரே, இந்த முறை காணோமே?

உன்னைவிடப் பெரிய மீன் பிடிக்கும் தம்பி,
ஹாய்ட்


ஹால்வர் ஃபால்ஸ்
ஏப்ரல் 17

ஹாய்ட்டுக்கு,

நலமாயிருக்கிறேன். நீங்களும் அப்படியே இருங்கள். தூண்டிலில் மாட்ட நீ அனுப்பிய ரப்பர் புழு பார்சல் வந்தது; ஊதா நிறம் நிறைய வைத்ததற்கு நன்றி. இங்கே அப்படி ஒன்றை யாரும் கண்ணாலும் பார்த்ததில்லை. தபால்காரர் மிட்டாய் என்று நினைத்தார்.

நீ சொன்னபடியே செய்தேன். கடைக்குப் போய், “இந்தப் பக்கம் ரொம்பக் கெட்டுப்போன ஏரி எது?” என்று கேட்டேன். அவ்வளவுதான். ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள்.

“டிஷ்பேன் ஏரிதான்! எங்கப்பா காலத்துல வால்ஐ குதிக்கும் அங்க.”

“இப்ப வெறும் களை. தூண்டில் போட்டா அல்லி இலைதான் வரும்.”

“அதுவும் வரலைன்னா அந்தப் பச்சைக் குப்பை மீன் வரும். முள்ளை முழுங்கிட்டு எகிறிக் குதிக்கும், சனியன்.”

எகிறிக் குதிக்கிற பச்சை மீன் நம் பாஸ் அல்லாமல் வேறென்ன, தம்பி? டிஷ்பேன் என் வீட்டிலிருந்து காட்டுப் பாதையில் நடக்கிற தூரம். அன்றைக்கே போனேன். பனி ஓரத்தில் உருகி, கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. கரையில் பழைய மரக் குடில்கள், கோடையில் வாடகைக்கு விடுவது. அவற்றின் சொந்தக்காரி ஐனி லேத்தினன் என்ற ஃபின்லாந்துக்காரக் கிழவி கோடாரியோடு வெளியே வந்தாள்.

“என்ன வேணும்?”

“ஏரியைப் பாக்கணும்.”

“அதைப் பாக்க யாரும் வரமாட்டாங்களே. உனக்கு விறகு வெட்டத் தெரியுமா?”

தெரியும் என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாள். வாரத்தில் ஐந்து நாள் அவளுடைய குடில்களைச் சுத்தம் செய்யப் போகிறேன். சும்மா, பொழுது போகவேண்டுமே. அவளிடம் ஒரு துடுப்புப் படகு இருக்கிறது. ஒழுகுகிறது. தார் பூசினால் சரியாகிவிடும்.

இந்த வருடம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார்கள். அம்மாவை முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளச் சொல்.

அக்கா


கன்டர்ஸ்வில்
ஏப்ரல் 26

அக்கா,

இங்கே எல்லோரும் நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்குப் பதில் எழுதினாய், படகுக்கு எழுதினாய், ரொட்டியில் ஏலக்காய் இருந்ததைக்கூட எழுதினாய். காரைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இந்த எண் இப்போது இயங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஹாய்ட்


ஹால்வர் ஃபால்ஸ்
மே 16

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குடில்களைத் திறக்கிற வேலை. நீங்கள் நலந்தானே?

சனிக்கிழமை வால்ஐ சீசன் திறந்து ஊரே திருவிழாவாக இருந்தது. நான் டிஷ்பேனில் ஒழுகாத படகில் உட்கார்ந்து, தூண்டில் இல்லாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது, ஹாய்ட். ஏரி நிறைய இருக்கிறது. வெயிலில் கரையோரம் சரளைமேல் வட்ட வட்டமாகக் கூடு கட்டியிருக்கின்றன.

நம் ஊரில் நாம் இதை நின்று பார்த்ததே இல்லை. பெண் மீன் முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. ஆண்தான் கூட்டுக்கு மேலே நிற்கிறது. தின்னப் போவதில்லை. பக்கத்தில் ஓர் இலை மிதந்து வந்தால்கூட முட்டித் தள்ளுகிறது. என் படகின் நிழல் விழுந்தது. ஓடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு மீனுக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது.

இதற்காகத்தான் மே கடைசி வரை பூட்டி வைத்திருக்கிறார்கள்போலிருக்கிறது. சட்டத்தின்மேல் இருந்த கோபம் கொஞ்சம் போய்விட்டது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

நெல்டா


கன்டர்ஸ்வில்
மே 22

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூடு, ஆண் மீன், எல்லாம். முடித்ததும் அம்மா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு எழுந்து போய் பின்னறையில் இருந்த தையல் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள்.

“இவ மீனைப் பத்தி எழுதலடா. வரச் சொல்லு அவளை” என்றாள். 

நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்து உன்னை அழைத்து வருகிறேன். ஒரு வார்த்தை எழுது, போதும்.

ஹாய்ட்


ஹால்வர் ஃபால்ஸ்
மே 31

தம்பிக்கும் அம்மாவுக்கும்,

இதை இருவரும் சேர்ந்தே படியுங்கள். நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

லேலண்ட் என்னை விட்டுவிட்டுப் பிப்ரவரியிலேயே போய்விட்டான். காரும் அவனோடு போனது. எங்கே, யாரோடு என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. அழைத்து வருகிறேன் என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமைக்கு முன்னால் அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் ஒருவேளை பெட்டி கட்டியிருப்பேன். இன்றுதான் கிடைத்தது. நடுவில் சீசன் திறந்துவிட்டது.

விடிந்ததும் படகைத் தள்ளினேன். ஏரியில் வேறு ஒரு மனுஷரும் இல்லை. கூட்டைக் காத்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தொந்தரவு செய்யவில்லை; ஆழம் தொடங்குகிற இடத்தில், சாய்ந்து கிடந்த ஒரு தேவதாரு மரத்துக்குப் பக்கத்தில் ஊதாப் புழுவைப் போட்டேன். முள்ளைப் புழுவின் உடம்புக்குள் மறைத்துத்தான், நாம் போடுகிற மாதிரி. புழு இறங்கியது. தங்கூசி நரம்பில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தட்டு. யாரோ கதவை ஒற்றை விரலால் தட்டுகிற மாதிரி.

இத்தனை வருடம் கழித்தும் கைக்கு மறக்கவில்லை, ஹாய்ட்! மூச்சை இழுத்தேன், கோலை வெட்டி இழுத்தேன். ஏரி வெடித்தது. தேவதாருவுக்கு மேலே மீன் எகிறியது, தலையை உதறியது, வாளி மாதிரி வாயைத் திறந்துகொண்டு மறுபடி எகிறியது. நான் கத்திய கத்தில் ஐனி கோடாரியோடு ஓடி வந்தாள்.

“என்னாச்சு? முழுகிட்டியா?”

“பிடிச்சிட்டேன்!”

“அதுக்கா இந்தக் கத்து? சரி, விடாதே, விடாதே! மரத்துப் பக்கம் போகுது பாரு, பொண்ணே!”

மத்தியானத்துக்குள் எத்தனை பிடித்தேன் என்று எண்ணவில்லை. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். அம்மா செய்கிற மாதிரி சோள மாவில் பொரித்தேன். ஐனி தன் பங்கைத் தின்றுவிட்டு, என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள்.

அம்மா, பின்னறைக்கு நன்றி. தையல் சாமான்களைத் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை.

உங்கள் நெல்டா


கன்டர்ஸ்வில்
ஜூன் 8

வீராதிவீர அக்காவுக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தாயிற்று. மீன் எகிறுகிற இடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அம்மா கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவன் போனதைப் பத்திக் கவலையில்ல. அந்தக் கார் நல்ல காருடா” என்றாள். நான் சிரித்ததற்கு முதுகில் ஓர் அடி விழுந்தது. ராத்திரிச் சாப்பாட்டு ஜெபத்தில் உன் பெயரைச் சொன்னாள். அந்த ஆளின் பெயரையும் சொன்னாள், ஆனால் அது ஆசீர்வாதம் மாதிரித் தெரியவில்லை.

நீ திரும்பி வந்துவிட வேண்டும் என்றுதான் அவள் ஆசை. அதை மறைக்கவில்லை. ‘தனியா ஒரு பொம்பளை, அந்தக் குளிர்ல, எதை நம்பி இருப்பா?’ என்று கேட்கிறாள்.  அதற்குப் பதிலை நீயே எழுது.

பெருமையோடு,
ஹாய்ட்


டிஷ்பேன் ஏரி
ஆகஸ்ட் 2

அன்புள்ள ஹாய்ட்,

மேலே முகவரியைப் பார். ஐனியின் குடில்களில் ஒன்றுக்கு நிரந்தரமாகக் குடி வந்துவிட்டேன். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் என் பிரார்த்தனை.

அம்மாவின் கேள்விக்குப் பதில். ஜூலையில் சிகாகோவிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். கணவர் ஒரு வாரமாக வால்ஐ தேடி அலைந்து, வெறுங்கையோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். ஐனி என்னைக் காட்டி, “இவ கூடப் போங்க. இவளுக்கு மீனோட மாமியார் வீடு எங்கேன்னுகூடத் தெரியும்” என்றாள். கூட்டிப் போனேன். அந்த மனிதர் முதல் பாஸைப் பிடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் படகு கவிழப் பார்த்தது. அவர் ஊருக்குப் போய் என்ன சொன்னாரோ, இப்போது செப்டம்பர் கடைசி வரை என் படகில் ஆள் ஏறாத நாள் இல்லை. எல்லாம் சிகாகோ, டிமோயின் ஆட்கள். கூலியும் நல்ல கூலி. உள்ளூர்க்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். வருகிற 20ஆம் தேதி ஊரின் மீன் திருவிழா. யாருடைய ஆறு மீன் அதிக எடையோ, அவர்தான் அந்த வருடத்து ராஜா. தொடர்ந்து வால்ஐக்காரர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள், அதிலும் பெரும்பாலும் சேத்தர். நான் பெயர் கொடுக்கப் போனேன்.

“இது மீன் போட்டிம்மா, குப்பைப் போட்டி இல்ல” என்றார் சேத்தர்.

நடுவராக இருப்பவர் எங்கன் என்ற லூத்தரன் சபைப் பாதிரியார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதியைப் படித்தார்: “‘சீசன் திறந்திருக்கும் எந்த மீனும்’னுதான் இருக்கு. பாஸ் சீசன் இப்ப திறந்துதானே இருக்கு, டோர்வால்ட்?”

சேத்தர் பேனாவை என் பக்கம் தள்ளினார். என் பெயர் ஏறிவிட்டது.

நீ வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய் என்று தெரியும். வராதே. நீ படகில் இருந்தால், தம்பி பிடித்துக் கொடுத்தான் என்பார்கள். தோற்றால் நானே தோற்கிறேன்.

நெல்டா


கன்டர்ஸ்வில்
ஆகஸ்ட் 9

அக்கா,

வண்டிக்கு எண்ணெய்கூட மாற்றிவிட்டேன். சரி, வரவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அம்மா சொன்னது: “தோத்தா நானே தோக்கறேன்னு எழுதியிருக்காளே, ஜெயிச்சா யாரு ஜெயிக்கறதாம்? அவதானே? அதையும் எழுதச் சொல்லு.”

வெயில் கொளுத்தினால் சந்தோஷப்படு.

ஹாய்ட்


டிஷ்பேன் ஏரி
ஆகஸ்ட் 22

ஹாய்ட்! அம்மா!

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னியுங்கள். ஜெயித்துவிட்டேன்.

வெயில் கொளுத்தியது. காற்று துளியும் இல்லை. பெரிய ஏரியில் வால்ஐகள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. முப்பது படகுக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் டிஷ்பேனில் இருந்தேன். காலையில் எனக்கும் ஒன்றும் சரியாக அமையவில்லை, அகப்பட்டதெல்லாம் சின்னது. தேவதாரு மரத்தடியில் ஒன்று கடித்து, தங்கூசியை மரத்தில் சுற்றி அறுத்துக்கொண்டு போனது. பெரியது. அப்போது படகில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சொல்வதற்கென்ன.

பிறகு யோசித்தேன். இந்த வெயிலில் நானாக இருந்தால் எங்கே இருப்பேன்? நிழலில். அல்லிக்காட்டுக்குள்ளே படகைச் செருகினேன். துடுப்பு போகவில்லை; இலைகளைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துத்தான் போனேன். நடுவில் இலைகளுக்கிடையே தொப்பி அளவுக்கு ஓர் ஓட்டை. புழுவை இலைமேல் போட்டு, மெல்ல இழுத்து, அந்த ஓட்டைக்குள் விழவிட்டேன். புழு அடியைத் தொடவேயில்லை; அதற்குள் ஒரு மீன் கவ்விவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு எனக்குப் பெயர், ஊர் எதுவும் நினைவில்லை.

மூன்று மணிக்கு எடை போட்டார்கள். ஊர் முழுக்க நின்றது. சேத்தரின் ஆறு வால்ஐதான் அதுவரை முதலிடம். நானும் ஐனியும், குடிலில் தங்கியிருந்த ஒருவரின் வண்டியிலிருந்து தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வந்து வைத்தோம். என் ஆறும் உயிரோடு இருந்தன. பாதிரியார் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். நான்காவது மீனிலேயே தராசு முள் சேத்தரின் எடையைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதை வைத்தார்.  ஆறாவதை இரண்டு கையாலும் தூக்கினார்.

சேத்தர் வந்து தராசைத் தட்டிப் பார்த்தார். “இது கெட்டுப்போச்சா என்ன?”

“தராசு நல்லாத்தான் இருக்கு, டோர்வால்ட். உன் மூஞ்சிதான் கெட்டுப்போச்சு” என்றாள் ஐனி.

அப்போது வெடித்தது பார், ஒரு சிரிப்பு! இந்தத் தடவை அவரைப் பார்த்து. ஆனால் அவரையும் மெச்சவேண்டும். தொப்பியைக் கழற்றினார். என் பெரிய மீனின் தாடையைப் பிடித்துத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என் முஷ்டியே உள்ள போயிடும்போல இருக்கே. இது சண்டை போட்டுதாம்மா?”

“வாங்க ஒரு நாள், காட்டறேன்.”

“வரேன்” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஆறையும் திரும்பக் கொண்டுபோய் டிஷ்பேனில் விடப்போகிறேன் என்றதும் பாதிரியாரே தன் லாரியில் தொட்டியை ஏற்றினார். ஏறப்போகும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். லேலண்ட். இளைத்திருந்தான்.

“நெல்டா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். நாம கொஞ்சம் பேசணும்.”

ஆறு மாதமாக இந்த வார்த்தைக்கு என்னென்னவோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“வழியை விடு லேலண்ட். மீனுக்கு மூச்சு முட்டுது” என்றேன்.

விட்டான். லாரியின் பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஊர் நடுவில் போனேன். கடைத்தெருவில் ஜனங்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். யார் யார் என்று பார்க்கவில்லை. தண்ணீர் சிந்தாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏரியில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டோம். பெரியது கொஞ்ச நேரம் என் கைக்குள்ளேயே நின்று மூச்சு வாங்கியது. பிறகு வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

அம்மா, ஜெயித்தது நானேதான். எழுதச் சொன்னீர்களே, எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
உன் அக்கா,
ஹால்வர் ஃபால்ஸின் இந்த வருடத்து ராஜா


கன்டர்ஸ்வில்
ஆகஸ்ட் 30

மகள் நெல்டாவுக்கு அம்மா என் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஐனியம்மாவுக்கு என் நன்றியைச் சொல். அந்தத் தராசு விஷயத்தை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். அந்த ஆளிடம் நீ வழியை விடச் சொன்ன இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து “ஆமென்” என்று ஒரு சத்தம் வந்தது, கூரை அதிர்ந்தது. ஹாய்ட் வெட்கப்பட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்த்தால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

நீ வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்றுதான் ராத்திரி பகலாக ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் கேட்கவில்லை. மீன் பிடிக்கிறவர்களை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் நானே வருகிறேன். இந்த ஆற்றைத் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை, உனக்குத் தெரியும். குளிரில் வரமாட்டேன். அடுத்த வருடம் அங்கே பாஸ் பிடிக்க என்றைக்குத் திறக்கிறார்கள் என்று சரியான தேதி கேட்டு எழுது. டிக்கெட் வாங்கவேண்டும். அந்தச் சனிக்கிழமை உன் படகில் வேறு யாரையும் ஏற்றிவிடாதே.

படகில் வெயிலுக்குத் தொப்பி நானே கொண்டுவருகிறேன்.

அம்மா